மெமோவுக்குப் பதில்

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய பதில் வரைவு வந்து சேர்ந்தது. நான்கு பக்கம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன், இரண்டாவது தடவை சிவப்புப் பேனாவோடு. ‘பழிவாங்கும் நோக்கத்தோடு’ என்று ஐந்து இடத்தில் எழுதியிருக்கிறாய். ஐந்தையும் அடித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. 31 வருஷம் போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதும் ரைட்டர் வேலை பார்த்தவளிடம் காகிதத்தை நீட்டினால் வேறென்ன நடக்கும்?

எனக்குப் புரிந்தது சரியா என்று பார். பஸ் நிறுத்தத்தில் நின்ற பையனிடமிருந்து பைக்கில் வந்த இரண்டு பேர் செல்போனைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவன் நேராக ஸ்டேஷனுக்கு வந்தான். இன்ஸ்பெக்டர் உன்னை உள்ளே கூப்பிட்டு, ‘காணாமல் போனதாக எழுதி வாங்கிக்கொள், அவனுக்கு அது போதும்’ என்றார். நீ பறிப்பு என்றே எழுதினாய். நான்காம் நாள் உனக்கு விளக்கம் கேட்டு மெமோ, ரோல் காலுக்கு (வருகைக் கணக்கெடுப்புக்கு) 12 நிமிடம் தாமதம் என்று. அடுத்த வாரம் ஏழு நாளும் இரவு டூட்டி. இவ்வளவுதானே? உன் நான்கு பக்கத்திலிருந்து இதைப் பொறுக்கி எடுக்க எனக்கு அரை மணி நேரம் பிடித்தது.

இரண்டுக்கும் முடிச்சு இருக்கிறது என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் மெமோ கேட்பது அந்த 12 நிமிடத்தை மட்டும்தான். அதற்கு மட்டும் பதில் சொல். அதற்கு முந்தைய இரவு டூட்டி முடித்து நீ கையெழுத்துப் போட்டது 3.40 மணி என்று போனில் சொன்னாய். அது பதிவேட்டில் இருக்கிறதா? இருந்தால் உன் பதில் அந்த ஒரு வரிதான். அதைப் போய் மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒளித்து வைத்திருக்கிறாய்! அதற்கு மேலே அவருடைய குணநலனைப் பற்றி ஒன்றரைப் பக்கம். விசாரிக்க வருகிற அதிகாரி அந்த ஒன்றரைப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பார், ‘சரி, இது இவர்கள் இரண்டு பேர் சண்டை’ என்று மூடி வைத்துவிடுவார்.

நான் இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. நீ ஆறாவது படித்த வருஷம் நடந்தது.

ஒரு அம்மா வந்தார், என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். கழுத்துச் சங்கிலியை இழுத்துக்கொண்டு ஓடிவிட்டான் என்றார். பிடரியிலிருந்து தோள் எலும்பு வரை ஒரு கீறல், நூல் பிடித்துக் கோடு போட்ட மாதிரி. நடுவில் ஓரிடத்தில் மட்டும் ரத்தம் பொட்டாக உறைந்திருந்தது. அவர் பேசப் பேச அந்தப் பொட்டு விரிந்து சுருங்கியது. உள் அறையிலிருந்து குரல் வந்தது: ‘கூட்டத்தில் நழுவியிருக்கும், அப்படியே போடும்மா.’ நான் அந்தக் கீறலைப் பார்த்துக்கொண்டே ‘கூட்ட நெரிசலில் தவறிவிட்டது’ என்று எழுதினேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று டிபார்ட்மெண்டில் பெயர். அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது. அவர் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த இரண்டு மாதத்தில் அதே தெருமுனையிலிருந்து இன்னும் மூன்று பேர் வந்தார்கள். முதல் இரண்டு பேருக்கும் அதே வாசகம்தான். மூன்றாவது ஆள் பையை விடாமல் பிடித்ததால் வண்டியோடு இழுபட்டு மணிக்கட்டு முறிந்து வந்தார். மாவுக்கட்டுப் போட்ட கையைத் ‘தவறிவிட்டது’ என்று எழுத முடியாது அல்லவா? அதற்குப் பிறகுதான் அந்த முனைக்கு ஆள் போட்டார்கள். அதுவரை எங்கள் காகிதத்தில் அங்கே குற்றமே நடக்கவில்லை. நடக்காமல் வைத்திருந்தது என் பேனா.

ரிட்டயர் ஆன பிறகு இதைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அமெரிக்காவில் மினியாபோலிஸ் நகரத்தில் போலீசுக்கு வந்த அழைப்புகளை முகவரிவாரியாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். 1989இல் வெளியான ஆய்வு அது. நகரத்து முகவரிகளில் சுமார் 3 சதவீதத்திலிருந்துதான் பாதி அழைப்புகள் வந்திருக்கின்றன. படித்ததும் எனக்கு அந்த அம்மாவின் கழுத்துதான் ஞாபகம் வந்தது. குற்றம் ஊர் முழுக்கச் சமமாகத் தூவிக் கிடப்பதில்லை, சில முனைகளில் குவிந்து கிடக்கிறது. அந்த முனை எது என்று காட்டுவது நீ எழுதும் ஒரு சொல். ‘தொலைந்தது’ என்று போட்டால் அந்த இடம் வரைபடத்திலிருந்தே போய்விடும், ரோந்து வண்டி வேறு பக்கம் போகும்.

உன் இன்ஸ்பெக்டரை நான் அரக்கன் என்று நினைக்கவில்லை. அவருக்கும் மாதாந்திரக் கூட்டம் இருக்கிறது. நியூயார்க்கில் 1994இல் வில்லியம் பிராட்டன் கமிஷனராக இருந்தபோது கொண்டுவந்த ‘காம்ப்ஸ்டாட்’ முறைக்குப் பிறகு உலகத்தின் பல நகரங்களில் இந்தக் கூட்டங்கள் வந்துவிட்டன. எண்களைத் திரையில் போட்டு, உன் பகுதியில் ஏன் கூடியது என்று அந்தந்தப் பொறுப்பாளரை எழுப்பி நிறுத்திக் கேட்பார்கள். யோசனை நல்ல யோசனைதான், எங்கே குவிகிறது என்று பார்த்து அங்கே ஆளை அனுப்பு என்பதுதானே அது? ஆனால் எண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் கையிலேயே எண்ணை எழுதும் பேனாவும் இருந்தால் என்ன ஆகும்? அங்கேயும் பின்னால் குற்றத்தைக் குறைத்து எழுதுகிறார்கள் என்ற புகார் கிளம்பத்தான் செய்தது.

இரவு டூட்டி விஷயத்துக்கு வருகிறேன். அவர் தண்டனையாகத்தான் கொடுத்திருக்கிறார். இருந்தாலும் அந்த ஏழு ராத்திரியை வீணாக்காதே. கான்சாஸ் சிட்டியில் 1972-73இல் ஒரு வருஷம் சோதனை செய்தார்கள். 15 பீட்டை, அதாவது ரோந்துப் பகுதியை, மூன்றாகப் பிரித்து, ஒன்றில் வழக்கமான ரோந்து, இன்னொன்றில் இரண்டு மூன்று மடங்கு ரோந்து, மற்றதில் அழைப்பு வந்தால் மட்டும் வண்டி. கடைசியில் குற்றத்திலும் சரி, மக்கள் பயத்திலும் சரி, சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ‘சும்மா சுற்றினால் பெட்ரோல்தான் தீரும்’ என்று எங்கள் பழைய ஏட்டு ஒருவர் சொல்வார். அவர் எந்த ஆய்வையும் படித்தவரில்லை. குறிப்பிட்ட முனையில் போய் வண்டியை நிறுத்திவிட்டு 10 முதல் 15 நிமிடம் நின்றால், நீ கிளம்பிப் போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கே அடங்கியிருக்கும் என்று மினியாபோலிஸ் தரவை வைத்தே பிறகு கண்டிருக்கிறார்கள். அதற்கு மேல் நின்றால் பெரிய பலன் இல்லையாம். அந்தப் பஸ் நிறுத்தத்தில் இறங்கி நின்று பார். எந்த விளக்கு எரியவில்லை, பைக் எந்தச் சந்தில் நுழைய முடியும் என்று வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு தெரியாது.

இன்னொன்று. ஆயுதத்தைக் காட்டிப் பறித்தால், பறிகொடுத்தவருக்கு முகம் ஞாபகம் இல்லை என்று சலித்துக்கொள்ளாதே. கண் ஆயுதத்திலேயே நின்றுவிடும். எலிசபெத் லாஃப்டஸ் என்ற உளவியலாளரும் உடனிருந்தவர்களும் 1987இல் இதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். ‘ஒல்லியா, குண்டா?’ என்று நீயே எடுத்துக் கொடுக்காதே. முதலிலிருந்து அவராகச் சொல்லட்டும். நடுவில் குறுக்கே பேசாமல் கேட்பதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி. (உன் அப்பாவிடம் பயிற்சி எடுத்தேன், அதனால் எனக்குச் சுலபம்.)

எல்லோரும் சேர்ந்து ஒரே நாளில் உடம்பு சரியில்லை என்று லீவு போடலாம் என்று ஸ்டேஷனில் பேசிக்கொள்கிறார்களாமே? நீ அதில் சேர வேண்டாம். 1919 செப்டம்பரில் பாஸ்டன் போலீஸ்காரர்கள் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வேலைநிறுத்தம் செய்து வெளியே வந்தார்கள். கேட்டதில் தப்பு ஒன்றுமில்லை. சம்பளம் போதவில்லை, வேலை நேரத்துக்குக் கணக்கில்லை, ஸ்டேஷன் கட்டிடங்கள் நாறிக் கிடந்தன, சங்கம் வைக்கக்கூடாது என்று தடை வேறு. போலீஸ் இல்லாத ஊரில் அன்றைய ராத்திரியே கும்பல்கள் கடைகளை உடைத்தன. ஊர் முழுக்கப் போலீஸ்காரர்களுக்கு எதிராகத் திரும்பிவிட்டது. வெளியே போனவர்களில் ஒருவரையும் திரும்பச் சேர்க்கவில்லை. அவர்கள் இடத்தில் வந்த புது ஆட்களுக்குக் கூடுதல் சம்பளமும் இலவச யூனிஃபார்மும் கிடைத்தன. இவர்கள் கேட்டது அவர்களுக்கு. அதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

ஸ்டேஷனில் கூட இருப்பவர்கள் உன்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, இந்த வேலையில் பக்கத்தில் நிற்பவன் முக்கியம். நியூயார்க்கில் ஃபிராங்க் செர்பிகோ என்ற போலீஸ்காரர் டிபார்ட்மெண்ட் லஞ்சத்தைப் பற்றி வாய் திறந்த பிறகு நாப் கமிஷன் போட்டு விசாரித்தார்கள். 1972 அறிக்கையில் லஞ்சம் வாங்கியவர்களை இரண்டு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். வந்ததை வாங்கிக்கொள்பவர்கள் புல் மேய்பவர்கள், தேடிப்போய்ப் பிடுங்குபவர்கள் இறைச்சி தின்பவர்கள். எனக்குத் தெரிந்து மூன்றாவது வகை ஒன்று உண்டு. மேயவும் மாட்டார்கள், தின்னவும் மாட்டார்கள், தலையை நிமிர்த்தவும் மாட்டார்கள். நான் அந்த வகை. உன் ஸ்டேஷனிலும் பாதிப் பேர் அந்த வகையாகத்தான் இருப்பார்கள், அவர்களைப் பகைத்துக்கொள்ளாதே. அவர்கள் பேசாமல் இருப்பது பெரும்பாலும் பயத்தால். வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் மட்டும் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் போய் நில், யார் கூப்பிட்டாலும்.

மெமோவை வாங்கும்போது கையெழுத்துக்குக் கீழே தேதியும் நேரமும் போட்டாயா? இனிமேல் போடு. பதிலின் நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கு. அன்றன்றைக்கு நடந்ததை ஒரு சிறு நோட்டில் எழுதிவை, யார் என்ன சொன்னார், எத்தனை மணிக்கு என்று. உனக்கு எப்படி இருந்தது என்பதெல்லாம் அதில் வேண்டாம், அதற்கு அம்மா இருக்கிறேன், போன் பண்ணு. ஸ்டேஷன் ஆவணத்தைப் போட்டோ எடுத்து எந்தக் குரூப்பிலும் போட்டுவிடாதே, அந்தப் பையன் பெயரும் நம்பரும் அதில் இருக்கிறது. இரண்டாவது மெமோ வந்தால், ராத்திரி டூட்டி தொடர்ந்தால், அப்போது தேதி வரிசையில் மேலே எழுதலாம். ஒரு மெமோ தற்செயல் என்பார்கள், மூன்றை அப்படிச் சொல்ல முடியாது.

உன் நான்கு பக்கம் 11 வரியாகிவிட்டது. இத்துடன் வைத்திருக்கிறேன். ஐந்தாவது வரியில் பதிவேட்டுப் பக்க எண்ணுக்கு இடம் விட்டிருக்கிறேன், பார்த்து நிரப்பிக்கொள். கெடு வெள்ளிக்கிழமை என்றாய், வியாழனே கொடுத்துவிடு.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். நான்கு பக்கத்திலும் அதைத் தேடினேன், காணவில்லை. பறிப்பு என்று எழுதினாயே, அதன் நகலை அந்தப் பையன் கையில் கொடுத்தாயா?

அன்புடன்,
அம்மா