தேவிபட்டினத்தில் ஏன் நின்றோம்? காசிமேட்டுக் கயாக் கடையிலிருந்து பெற்றோர்களுக்கு ஒரு மடல்

எங்களை நம்பிப் பிள்ளைகளைக் கயாக்கில், அதாவது துடுப்பு போட்டு ஓட்டும் ஒல்லியான சின்னப் படகில், கடலுக்கு அனுப்பும் பெற்றோர்களுக்கு வணக்கம்.

மே மாதப் பயணம் முடிந்து ஊர் திரும்பிய நாளிலிருந்து கடை போன் ஓயவில்லை. வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு அப்பா நேரிலேயே வந்துவிட்டார். டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்: "ஆறு நாள் கடல்ல ஓட்டுவாங்கன்னு சொல்லித்தானே பணம் வாங்கினீங்க? மூணு நாள் ஓட்டிட்டு, மிச்ச நாள் கரையில உட்கார வெச்சு, வேன்ல ஏத்திக் கூட்டிட்டு வந்திருக்கீங்களே?"

கேட்டது நியாயம்தான். அவருக்கு அன்றைக்குச் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. எல்லோருக்கும் சேர்த்து இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் நடந்தது. தொண்டியில் கிளம்பி, காரங்காடு, தேவிபட்டினம் வழியாக மண்டபம் வரை கரையை ஒட்டிப் போவதாகத் திட்டம். ஏறக்குறைய 70 கிலோமீட்டர். 8 பிள்ளைகள், பயிற்சியாளர்கள் 2 பேர், பின்னாலேயே உள்ளூர் மீனவர் ஒருவரின் ஃபைபர் படகு. மூன்றாம் நாள் மாலை தேவிபட்டினத்தில் கரையேறும்வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. காரங்காட்டுச் சதுப்புக் காட்டுக்குள் ஓட்டியது ஒன்றுக்காகவே மறுபடி வருவேன் என்று ஒரு பையன் சொன்னான். நான்காம் நாள் காலை கயாக்குகள் தண்ணீரில் இறங்கவில்லை. ஐந்தாம் நாளும் இறங்கவில்லை. ஆறாம் நாள் வேனில் மண்டபம் போய், பாம்பன் பாலத்தைப் பார்த்துவிட்டு ரயில் ஏறினோம்.

நிறுத்தியது நானோ பயிற்சியாளர்களோ இல்லை. அன்றைய தலைவராக இருந்த 15 வயதுப் பெண்.

எங்கள் பயணங்களில் ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளை தலைவர், இன்னொரு பிள்ளை வரைபடத்துக்கும் நேரத்துக்கும் பொறுப்பு. காலை நாலரைக்கு இருவரும் எழுந்துவிட வேண்டும். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் தினமும் வெளியிடும் கடல்நிலை முன்னறிவிப்பைப் பார்ப்பார்கள். துடுப்பின் நுனியில் ரிப்பன் கட்டித் தூக்கிப் பிடித்து, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்ப்பார்கள். மூன்றாவதாக, கரையில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் பெரியவர் யாரையாவது தேடிப் போய்க் கேட்க வேண்டும். கூச்சப்படும் பிள்ளைக்கு இந்த மூன்றாவது வேலை கயாக் ஓட்டுவதைவிடக் கஷ்டம். அதற்காகவே அதை வைத்திருக்கிறோம்.

அந்தப் பெண் போய்க் கேட்ட பெரியவர், "கச்சான் கிளம்பிருச்சும்மா, கரையில பார்த்தா தெரியாது" என்றார். அவள் திரும்பி வந்து, "இன்னைக்குப் போகலை" என்று சொன்னாள்.

நம் ஆட்கள் பலருக்கும் இந்த இடம்தான் பிடிபடவில்லை. கச்சான் என்பது தென்மேற்கிலிருந்து வரும் காற்று. தேவிபட்டினத்திலிருந்து மண்டபம் வரை கரை தென்கிழக்காகச் சரிந்து போகிறது, கடல் வடகிழக்கைப் பார்த்திருக்கிறது. அதனால் மே மாதக் கச்சான் அங்கே நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரப் பனைகளும் வீடுகளும் காற்றை மறைத்துவிடும். கரையில் நிற்பவர் கண்ணுக்குத் தண்ணீர் குளம் மாதிரி கிடக்கும். வீடியோ எடுத்து அனுப்பினால் "இதுக்கா நிறுத்தினீங்க?" என்றுதான் கேட்கத் தோன்றும். சிலர் கேட்டீர்கள். ஒரு கிலோமீட்டர் உள்ளே போனால் மறைப்பு விலகிவிடும், முழுக் காற்றும் முதுகில் அடிக்கும். ஓட்டுகிறவனுக்கு வேகமாகப் போகிற சந்தோஷம். திரும்பலாம் என்று முனையைத் திருப்பும்போதுதான் விஷயம் தெரியும். பழகிய பிள்ளை அமைதியான நீரில் மணிக்கு 5 கிலோமீட்டர் ஓட்டும். 15 நாட் காற்றை, அதாவது மணிக்கு 28 கிலோமீட்டர் காற்றை, எதிர்த்து ஓட்டினால் அதில் பாதிகூடத் தேறாது. பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். காற்று பட்டால் அலை குட்டையாகவும் நெருக்கமாகவும் எழும்பி கயாக்கை உலுக்கும். அந்தப் பக்கம் இலங்கை, நடுவில் எல்லைக் கோடு.

ராமேஸ்வரம் பக்கத்தில் பாக் நீரிணையைப் பெண் கடல் என்றும், மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். பெண் கடல் சாது என்று கேள்விப்பட்டுத்தான் பலரும் பிள்ளைகளை அனுப்புகிறீர்கள். சாதுதான். ஆனால் காற்று திரும்பினால் அதுவும் வேறு கடல்.

நான் காசிமேட்டில் பிறந்தவன், என் அப்பா கட்டுமரத்திலும் பிறகு ஃபைபர் படகிலும் தொழிலுக்குப் போனவர். சில விடியற்காலைகளில் கரைக்குப் போய் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்து வலையைத் தைக்க உட்கார்ந்துவிடுவார். பக்கத்து வீட்டுக்காரர்கள் போயிருப்பார்கள், மத்தியானம் மீனோடு வந்து கிண்டல் செய்வார்கள். அந்த வயதில் எனக்கு அவமானமாக இருக்கும். மற்றவர்கள் போகும்போது உட்கார்ந்திருப்பதற்கு எவ்வளவு தெம்பு வேண்டும் என்பது நானே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கிய பிறகுதான் புரிந்தது.

இந்த விஷயத்தில் நாங்கள் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1993 மார்ச் 22 அன்று இங்கிலாந்தின் லைம் வளைகுடாவில் பள்ளிப் பிள்ளைகள் 8 பேர் தங்கள் ஆசிரியரோடும் 2 பயிற்சியாளர்களோடும் கயாக்கில் இறங்கினார்கள். காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசியது. கயாக்குகள் உள்ளே உள்ளே தள்ளப்பட்டன, தண்ணீர் புகுந்தது, குளிரில் மணிக்கணக்காக மிதந்தார்கள். உதவி கேட்க வெளிச்ச வெடி இல்லை. கரையில் இருந்தவர்கள் ஆள் காணோம் என்று சொல்லவும் தாமதமானது. பதின்வயதுப் பிள்ளைகள் 4 பேர் இறந்துபோனார்கள். அதை நடத்திய நிறுவனத்தின் நிர்வாகி சிறைக்குப் போனார். 1995-ல் அந்த நாட்டில் இதற்கென்றே தனிச் சட்டம் வந்தது: இளையோருக்குச் சாகசப் பயிற்சி தரும் இடங்களுக்கு உரிமம் வேண்டும் என்று. எங்களிடம் பயிற்சியாளராகச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாள் பாடம் இதுதான். துடுப்பு பிடிப்பதெல்லாம் இரண்டாம் நாள்.

அதிலிருந்து எடுத்து வைத்திருக்கும் விதி ஒன்று. "நில்" என்று யார் சொன்னாலும் நின்றுவிட வேண்டும், அது 13 வயதுப் பிள்ளையாக இருந்தாலும் சரி. "போகலாம்" என்பதற்கு மட்டும் எல்லோர் சம்மதமும் வேண்டும். பிள்ளைகள் போகலாம் என்று சொல்லி பயிற்சியாளர் வேண்டாம் என்றால் போவதில்லை. பிள்ளை வேண்டாம் என்று சொன்னபின் பயிற்சியாளர் "அட வா, பார்த்துக்கலாம்" என்று இழுத்துக்கொண்டு போகவும் கூடாது.

அன்று காலை இது லேசாக நடக்கவில்லை. இரண்டு பையன்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். ஒருவன் வண்ணாரப்பேட்டை அப்பாவின் மகன், அதை அவரிடமே சொல்லிவிட்டேன். "நான் ஓட்டிருவேன்" என்றான். அந்தப் பெண், "நீ ஓட்டிருவ. அவன் கவுந்தா நீ திரும்பி வருவியா?" என்று கூட்டத்திலேயே சின்னவனைக் காட்டினாள். சின்னவனுக்குக் கோபம். அரைமணி நேரம் யாரும் யாரோடும் பேசவில்லை. பிறகு அவளே எல்லோரையும் எழுப்பி, காலளவு தண்ணீரில் நிறுத்தி, கவிழ்ந்த கயாக்கை நிமிர்த்தும் பயிற்சியை மறுபடி செய்ய வைத்தாள். பத்து மணிக்கு மேல் தூரத்தில் அலைத்தலையெல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. முகத்தைத் தூக்கி வைத்திருந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் கதை வேறு. அதை மறைக்க விரும்பவில்லை. அன்று தலைவர் இன்னொரு பிள்ளை. முந்தின நாள் பார்த்த வெள்ளை அலை மனதில் இருந்ததால் அவனும் வேண்டாம் என்றான். உண்மையைச் சொன்னால், அன்று காலை ஆறிலிருந்து ஒன்பது வரை ஓட்டியிருக்கலாம். கொஞ்ச தூரமாவது போயிருப்போம். எனக்குத் தெரிந்தது, பயிற்சியாளர்களுக்கும் தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டுமா என்று இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒருநாள் முடிவை நாங்கள் மாற்றினால் அடுத்த பிள்ளை காற்றைப் பார்க்காது, என் முகத்தைப் பார்க்கும். இந்தப் பயம் எனக்கு எப்போதும் உண்டு. ஆனாலும் ஒரு நாள் வீணானது வீணானதுதான். அடுத்த பயணத்திலிருந்து காலைக் கூட்டத்தில் ஒரு கேள்வியைச் சேர்க்கிறோம்: "முழுத்தூரம் முடியாது, சரி. மூன்று மணி நேரத்தில் எதுவரை முடியும்?"

பயணத் தேதியையும் மாற்றுகிறோம். மே நடுவில் கச்சான் வலுத்துவிடுகிறது. அதனால் தேர்வு முடிந்ததும் ஏப்ரல் கடைசியிலேயே கிளம்பிவிடலாம் என்று இருக்கிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலில் இருக்காது. சின்னக் கயாக்குகளுக்கு அது பெரிய நிம்மதி. அரையாண்டு விடுமுறையில் ஏன் வைப்பதில்லை என்று கேட்பவர்களுக்கு: டிசம்பரில் வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்று நேராக அந்தக் கரையில் வந்து மோதும், கேட்கவே வேண்டாம்.

"ராமநாதபுரம் வரை எதற்கு, நம்ம ஊர்ல கடல் இல்லையா?" என்று திருவொற்றியூரிலிருந்து ஒரு அம்மா கேட்டிருந்தார். இருக்கிறது, இறங்கத்தான் இடமில்லை. துறைமுகம் கட்டியபின் தெற்கிலிருந்து வரும் மணல் அங்கேயே நின்று மெரினா அகலமானது. ராயபுரத்திலிருந்து வடக்கே கரை அரித்துப்போனது. அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கல்தான் இப்போது நம் கரை. அலையோடு வரும் கயாக் கல்லில் மோதினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எண்ணூர் கழிமுகத்தில் தண்ணீர் அமைதிதான், ஆனால் அனல்மின் நிலையச் சாம்பலும், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெயும் எல்லோரும் பார்த்ததுதானே. தோல் அரிக்கும் தண்ணீரில் பிள்ளையைக் கவிழ்த்துப் பழக்க எனக்கு மனம் வரவில்லை. பழவேற்காட்டில் 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த பிறகு அங்கே உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. அதனால் இங்கே நீச்சல் குளத்தில் மட்டும் பழக்குகிறோம்.

குளத்தில் என்ன நடக்கும்? கவிழ்ந்தால், கயாக்குக்குள் தண்ணீர் புகாமல் மூட இடுப்பைச் சுற்றி மாட்டியிருக்கும் ஸ்ப்ரே ஸ்கர்ட்டின் பட்டையை இழுத்து வெளியே வர வேண்டும். முதல் தடவை எல்லோரும் பயப்படுவார்கள், பத்தாவது தடவை சிரிப்பார்கள். அடுத்தது மீட்பு. காப்பாற்றுகிறவர் தன் கயாக்கைக் குறுக்கே கொண்டு வந்து, கவிழ்ந்த கயாக்கின் அணியத்தை, அதாவது முன்முனையை, தன் மடிமேல் இழுத்துத் தண்ணீரை வடியவிட்டு, நிமிர்த்திப் பிடித்துக்கொள்வார். விழுந்தவர் ஏறி உட்காருவார். இதில் உடம்பு பலத்துக்கு வேலை குறைவு. 40 கிலோ பெண் 70 கிலோ பையனை ஏற்றிவிடுவாள். அவன் அவள் சொல்வதைக் கேட்டால் மட்டும். "இப்போ காலைத் தூக்கு" என்றால் தூக்க வேண்டும். வாதாடினால் இரண்டு பேரும் தண்ணீரில். தலைமைக் குணம் வளர்க்கிறீர்களா என்று கேட்கிறீர்கள், சொல் பேச்சுக் கேட்கவும்தான் பழக்குகிறோம்.

பதின்வயதினரைக் கடலில் பழக்கும் யோசனை எங்களுடையது இல்லை. 1941-ல், போர் நடந்துகொண்டிருந்தபோது, குர்ட் ஹான் என்ற ஆசிரியரும் லாரன்ஸ் ஹோல்ட் என்ற கப்பல் முதலாளியும் வேல்ஸ் நாட்டு அபர்டோவியில் இதற்கென்று ஒரு பள்ளி தொடங்கினார்கள். கப்பல் மூழ்கி உயிர்காப்புப் படகில் ஏறியவர்களில் வயதான மாலுமிகள் தாக்குப்பிடிக்க, இளைஞர்கள் முதலில் மனம் விட்டுவிடுகிறார்கள் என்பது ஹோல்ட்டின் கவலை. காசிமேட்டுக் கிழவர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

இனி நடைமுறை. 13 முதல் 17 வயது வரை சேரலாம். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் 50 மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும். ஆஸ்துமா, வலிப்பு இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், சேர்க்க முடியுமா என்று உங்கள் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்வோம். போன் பயணம் முழுக்கப் பையில் பூட்டியிருக்கும். பயிற்சியாளரின் போனிலிருந்து தினமும் மாலை ஒரு செய்தி வரும், அதிலும் கிலோமீட்டர் கணக்கு இருக்காது. போன பயணத்தில் அந்தக் கணக்குதான் வாட்ஸ்அப்பில் சண்டையைக் கிளப்பியது. பெயர்ப் பட்டியலைக் காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்குக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புகிறோம், அதனால் ஆதார் நகல் கட்டாயம். நீங்களும் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணைப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பயணத்துக்கு என்றில்லை, எப்போது கடற்கரைக்குப் போனாலும் உதவும்.

பணம். கிளம்புவதற்கு முன்பு நாங்கள் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்ப வரும். நடுவில் காற்றுக்காகக் கரையில் நின்ற நாட்களுக்குத் திரும்பத் தருவதற்கில்லை. அன்றைக்கும் சாப்பாடு, படகுக்காரர் கூலி, பயிற்சியாளர் சம்பளம் எல்லாம் உண்டு. இதைப் படிவத்திலேயே முன்பு எழுதியிருக்க வேண்டும். எழுதாதது எங்கள் பிழை. அதனால் மே மாதக் குழுவில் வந்த 8 பேருக்கு மட்டும் அடுத்த பயணத்தில் இரண்டு நாள் கட்டணத்தைக் கழித்துக்கொள்கிறோம்.

வண்ணாரப்பேட்டைப் பையன் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்கு வருகிறான். அடி தேய்ந்த கயாக்குகளுக்கு ஃபைபர் ஒட்டக் கற்றுக்கொள்கிறான். அந்தப் பெண்ணும் வருகிறாள். இருவரும் இன்னும் அவ்வளவாகப் பேசிக்கொள்வதில்லை.

புதிதாகச் சேர்ப்பவர்கள் நேரில் வந்து படகுகளையும் லைஃப் ஜாக்கெட்டுகளையும் தொட்டுப் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வாருங்கள். விடியற்காலையில் மீன் ஏலம் நடக்கும், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.

அன்புடன்,
கடைக்காரன், காசிமேடு