ஆண்டறிக்கை 2024–25: செயலாளர் வாசித்தது

தலைவர் ஐயா அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் குடியிருப்போர் நலச் சங்கம் செய்த பணிகளை இங்கே வைக்கிறேன்.

நிர்வாகக் குழு ஒன்பது முறை கூடியது. சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். தெருவில் நான்கு விளக்குகள் மாற்றப்பட்டன. கண் பரிசோதனை முகாம் ஒன்று நடந்தது. பொங்கல் கோலப் போட்டி வழக்கம்போல் நடந்தது. மேற்கு முனைச் சாக்கடை அடைப்புக்காக மூன்று மனு கொடுத்திருக்கிறோம். வேலை இன்னும் பாக்கி.

இனி சனிக்கிழமைத் திண்ணை வகுப்பு. போன கூட்டத்தில் ஒரு கேள்வி வந்தது. “மூன்று வயதுப் பிள்ளைகளை மண்ணில் விளையாட விடுவதற்கா நாங்கள் சந்தா கொடுக்கிறோம்?” என்று கேட்டார்கள். கேட்டவர் பெயர் வேண்டாம். அன்று பதில் சொல்ல நேரமில்லை, அதனால் இன்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

இருபத்தெட்டு ஆண்டு பால்வாடியில் வேலை பார்த்தவள் நான். மூன்று வயதுக் குழந்தையின் கையில் பென்சிலைக் கொடுத்து நான்கு வரி எழுது என்றால் அதற்கு விரல் வலிக்கும். அப்புறம் நோட்டைக் கண்டாலே ஓடும். விரலுக்குப் பிடி வருவது பிசைந்து, உருட்டி, கிள்ளி, கோத்துத்தான். அந்த வேலைகளை அந்தந்த மாதம் நம் தெருவிலும் அரசலாற்றங்கரையிலும் கிடைக்கும் பொருளை வைத்தே செய்யலாம், கூடவே எழுத்தையும் சொல்லலாம் என்று போன சித்திரையில் ஆரம்பித்தேன். ஆறு குழந்தைகளோடு தொடங்கியது, தையில் பதினேழு ஆனது.

கோடையில் நுங்கு. சாப்பிட்டு முடித்த காயில் மூன்று குழி இருக்கிறதே, அதுதான் ஆய்தம். அ, ஆ என்று தொடங்காமல் உயிர் வரிசைக்குக் கடைசியில் வரும் ஃ-இல் தொடங்குகிறீர்களே என்று ஒரு அம்மா கவலைப்பட்டார். வெட்டிய நுங்கை ஈர மண்ணில் கவிழ்த்து அழுத்தினால் மூன்று மேடு வரும். குழந்தை தானே செய்த முதல் எழுத்து அது. இரண்டு வாரம் கழித்து அதே அம்மாவின் மகள் கடைத்தெருவில் ஒரு ‘ஃபேன்சி ஸ்டோர்’ பலகையைக் காட்டி “நுங்கு! நுங்கு!” என்று கத்தியிருக்கிறாள். அம்மாவே வந்து சொன்னார். பிறகு அந்தக் காய்களையே குச்சியில் கோத்து நுங்கு வண்டி செய்து ஓட்டினார்கள்.

ஆடியில் சப்பரம், பதினெட்டாம் பெருக்குக்குப் பிள்ளைகள் இழுத்துப் போகும் சின்னத் தேர். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-இல் திறப்பார்கள், போன ஆண்டு ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். பதினெட்டாம் பெருக்குக்கு ஆற்றில் தண்ணீர் வருமா என்ற கவலையிலேயே சப்பரம் கட்டினோம். கீழே ஒரு பலகை, இரண்டு பக்கமும் ஒவ்வொரு குச்சி: ப. வலப்பக்கக் குச்சியை எடுத்துவிட்டால்: ட. கோடு கோடாக இருக்கும் எழுத்துகள் கைக்கு எளிது, சுழிக்கிற எழுத்துகள் பிறகுதான். ஆவணியில் பிள்ளையாருக்கு வந்த களிமண்ணைக் கைமுறுக்கு போலச் சுற்றியபோது அ தானாக வந்தது. அக்டோபர் 12 விஜயதசமி அன்று தாம்பாளத்தில் நெல் பரப்பி எழுத வைத்தபோது ஒரு குழந்தைகூட அழவில்லை. அந்த விரலுக்கு அந்த எழுத்து ஏற்கெனவே பழக்கம்.

நவம்பர் கடைசியில் புயல் மழையால் இரண்டு வாரம் வகுப்பு இல்லை. கார்த்திகைக்கு அகல் மட்டும் செய்தோம். தீப்பொறி பறக்க மாவலி சுற்றுவதைப் பெரிய பிள்ளைகளுக்கு விட்டுவிட்டேன்.

மார்கழியை நினைத்தால் இப்போதும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. கோலமாவில் பெரிதாக ஒரு க போட்டு, அதன் தலையில் ஒரு பூசணிப்பூவை வைக்கச் சொன்னேன். பூ வைத்தால் க், பூவை எடுத்தால் க. பள்ளியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மறந்து அடி வாங்கிய தலைமுறை நாம். இவர்கள் பூவை மறக்கவே மாட்டார்கள். தையில் ப-வுக்குப் பக்கத்தில் ஒரு கரும்புத் துண்டை நிறுத்தினோம், பா ஆனது. மாட்டுப் பொங்கலுக்கு அட்டையில் கொம்பு வெட்டி வண்ணம் அடித்தபோது ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் சொல்லிக்கொடுத்தேன். கெ, கே இரண்டையும் மாட்டுக்கொம்பு என்றே சொல்கிறார்கள், சொல்லட்டும். எதிர் வீட்டுப் பாட்டி ‘யானை’ என்று எழுதும்போது னை-யைப் பழைய வழக்கப்படி தும்பிக்கை போலச் சுழித்துப் போட்டார். குழந்தைகளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு பாடப்புத்தகத்தில் அது கிடையாது என்பதால் படமாக மட்டும் வைத்துக்கொண்டோம்.

மாசியில் நடந்ததையும் மறைக்கவில்லை. சாக்பீஸ் கோட்டின் மேல் புளியங்கொட்டை அடுக்கும்போது ஒரு சிறுவன் கொட்டையை மூக்கில் போட்டுக்கொண்டான். உடனே ஆட்டோவில் கூட்டிப்போய் எடுத்துவிட்டோம், பிள்ளை நன்றாக இருக்கிறான். அன்று பதினான்கு குழந்தைகளுக்கு நான் ஒருத்திதான் இருந்தேன். உதவிக்கு வருவதாகக் கை தூக்கியவர்கள் நான்கு பேர். ஆண்டு முழுக்க வந்தவர் எதிர் வீட்டுப் பாட்டி ஒருவர்தான், அன்று அவருக்கும் காய்ச்சல். இன்னொரு ஆள் பக்கத்தில் இருந்திருந்தால் அது நடந்திருக்காது என்று இப்போதும் நினைக்கிறேன். அதற்குப் பிறகு சின்னவர்களுக்குத் தென்னங்குரும்பை மட்டும்தான் கொடுக்கிறேன்.

வரவு செலவை விவரமாகப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு போன ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. விளக்குக்கும் முகாமுக்கும் ஆனதே பெரிய செலவு. திண்ணை வகுப்புக்குத் தார்ப்பாய், கோலமாவு, வண்ணம், ஆட்டோ எல்லாம் சேர்த்து மூவாயிரத்தைத் தாண்டவில்லை. நுங்கு, களிமண், பூ, குரும்பை எதற்கும் காசு இல்லை. சந்தாப் பணத்தை மண்ணில் போட்டோம் என்ற பேச்சுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

சந்தா என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நம் சங்கத்தில் 64 வீடுகள். மாதம் 50 ரூபாய். ஆண்டு முழுவதும் கட்டியவை 23 வீடுகள். சிலர் இரண்டு ஆண்டாகக் கட்டவில்லை. வீட்டுக்குப் போனால் “அடுத்த வாரம் வாங்க டீச்சர்” என்கிறார்கள். முடியாதவர்களைப் பற்றி நான் பேசவில்லை, அவர்களுக்குக் குழுவே விலக்கு கொடுத்திருக்கிறது. முடிந்தும் கட்டாதவர்களின் வீட்டுக்கு எதிரிலும் அந்தப் புது விளக்கு எரிகிறது, அவர்கள் பேரனும் பேத்தியும் வகுப்புக்கு வருகிறார்கள். பிள்ளைகளை ஒருநாளும் திருப்பி அனுப்ப மாட்டேன். இன்றைக்கு இங்கே வந்திருப்பவர்கள் 19 பேர். வராதவர்கள் காதுக்கு இது எட்டட்டும்.

பொங்கல் போட்டிக்குப் பரிசு தந்தவர்களுக்கும், ஆண்டு முழுக்கத் திண்ணையைத் திறந்துவிட்ட வீட்டாருக்கும், பொருளாளருக்கும், எதிர் வீட்டுப் பாட்டிக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. தலைவர் ஐயாவின் ஒத்துழைப்புக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி மனதில் இருப்பதைச் சொல்கிறேன். எனக்கு முழங்கால் வலி அதிகமாகிவிட்டது, தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க முடியவில்லை. செயலாளர் பொறுப்பை யார் கேட்டாலும் சந்தோஷமாகக் கொடுத்துவிடுவேன். திண்ணை வகுப்பை மட்டும் ஆள் இல்லை என்று நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. சனிக்கிழமை காலை பத்தரை முதல் பதினொன்றரை வரை, ஒரு மணி நேரம். படிப்பு வேண்டாம், பொறுமை இருந்தால் போதும். தாத்தாக்களும் வரலாம், இந்த ஆண்டு ஒரு ஆண்கூட எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு பேர் உறுதியாக வருவதாக இன்றே பெயர் கொடுத்தால் ஆடிச் சப்பரத்துக்கு இப்போதே ஏற்பாடு செய்துவிடலாம். வீட்டில் பழைய பலகை, மரப்பெட்டி கிடந்தால் விறகுக்குப் போட்டுவிடாமல் என்னிடம் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். வரும்போது சந்தா ரசீதுப் புத்தகமும் கையில் இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்