சூறாவளி வேறு, சூறைக்காற்று வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

ஆடி பிறந்ததிலிருந்து உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் 'சூறாவளி எச்சரிக்கை' என்ற தலைப்பு திரும்பத் திரும்ப வருகிறது. உள்ளே படித்தால், மன்னார் வளைகுடாவிலும் குமரிக்கடலிலும் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் காற்று வீசக்கூடும், மீனவர்கள் அந்தப் பகுதிகளுக்குப் போக வேண்டாம் என்று இருக்கிறது. செய்தியில் குறை இல்லை. தலைப்பில் உள்ள சொல்லைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நாகப்பட்டினத்தில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வலையும் கயிறும் விற்கிற கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் பேப்பரைப் புரட்டாமல் போவதில்லை. போன வாரம் அந்தத் தலைப்பைப் பார்த்துவிட்டு ஒரு விசைப்படகுத் தொழிலாளி கேட்டார்: "இதுக்கே சூறாவளின்னா, கஜாவுக்கு என்னண்ணே பேரு?" என்னிடம் பதில் இல்லை. அவர் கேள்வியைத்தான் உங்களிடம் கொண்டு வந்திருக்கிறேன்.

கஜா எங்களுக்குக் கதை அல்ல. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில்தான் அது கரை ஏறியது. மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய காற்று. வேதாரண்யம், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. காற்றின் வேகம் இரட்டித்தால் அது ஒரு சுவரையோ கூரையையோ தள்ளுகிற அழுத்தம் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்காகும். 50 கிலோமீட்டர் காற்றையும் 100 கிலோமீட்டர் காற்றையும் ஒரே பெயரால் அழைத்தால், படிக்கிறவர் எதற்குப் பயப்படுவது, எதற்கு வலையை மட்டும் கரையில் ஏற்றி வைப்பது?

இந்தச் சொல் உங்கள் அலுவலகத்தில் பிறந்ததல்ல என்பது தெரியும். வானிலை மையத்தின் தமிழ் அறிக்கையிலேயே 'சூறாவளிக்காற்று' என்றுதான் வருகிறது. ஆங்கிலத்தில் அவர்கள் 'ஸ்குவால்' என்பதைக் கருதிச் சொல்கிறார்கள். திடீரென்று வேகம் கூடி, ஒரு நிமிடமாவது நின்று வீசி, பிறகு தணிகிற காற்று அது. பருவக்காற்றுக் காலத்தில் மழைமேகம் திரண்டு வரும்போது அதற்கு முன்னால் ஓடிவருவதும் இதுதான். அறிக்கையில் 'சூறாவளிக்காற்று' என்று இருப்பது, தலைப்புக்கு இடம் போதாமல் 'காற்று' விழுந்து 'சூறாவளி' ஆகிவிடுகிறது. பிறகு அதே தலைப்பு போனில் வருகிற செய்தி அட்டையில் சிவப்பு எழுத்தில் ஏறி ஊரெல்லாம் சுற்றுகிறது.

ஊர் மட்டுமா, கடல் தாண்டியும் போகிறது. என் மனைவியின் சித்தப்பா குடும்பம் மட்டக்களப்பில் இருக்கிறது. இலங்கைத் தமிழில் சூறாவளி என்றால் நாம் புயல் என்று சொல்வது. அதிலும் மட்டக்களப்புக்காரர்களுக்கு அந்தச் சொல் 1978 நவம்பரில் அவர்கள் மாவட்டத்தையே புரட்டிப்போட்ட சூறாவளியைத்தான் நினைவுபடுத்தும். இந்த ஆடியில் உங்கள் செய்தி அட்டை அவர்கள் போனுக்குப் போய்ச் சேர்ந்ததும் சித்தப்பா பதறிப்போய் அழைத்தார். "இங்கே வெயில் அடிக்கிறது, கொஞ்சம் காற்று அதிகம், அவ்வளவுதான்" என்று நான் சொன்னதை அவர் லேசில் நம்பவில்லை. பத்திரிகையில் சூறாவளி என்று போட்டிருக்கிறதே என்றார். அவர் கேட்டதில் என்ன தப்பு?

இந்தியக் கணக்கில் புயல் என்ற பெயருக்கு ஒரு எல்லை உண்டு. சராசரி வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் தாழ்வு மண்டலம் புயலாகும், அதற்கொரு பெயரும் வைப்பார்கள். 89-ஐத் தொட்டால் தீவிரப் புயல். இவ்வளவு கறாராகப் படிப்படியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், உங்கள் நாளிதழும் புயல் நாட்களில் அதை ஒழுங்காகவே எழுதுகிறது. புயல் இல்லாத நாளில்தான் இந்தக் குழப்பம்.

சரி, ஸ்குவாலுக்குத் தமிழில் வேறு சொல் இல்லையா என்றால், உங்கள் பக்கங்களிலேயே இருக்கிறது. கம்பம், சின்னமனூர்ப் பக்கமிருந்து செய்தி வரும்போது 'சூறைக்காற்றில் வாழைகள் சாய்ந்தன' என்று எழுதுகிறீர்கள். எல்லாருக்கும் புரிகிறது. மழைக்கு முன்னால் சுழற்றி அடித்து, அரைமணி நேரத்தில் வாழைத்தோட்டத்தை மடக்கிப் போட்டுவிட்டுப் போகிற காற்று. சூறையாடுவது என்கிறோமே, அந்தச் சூறைதான். நிலத்தில் வீசினால் சூறைக்காற்று, அதுவே கடலில் வீசினால் சூறாவளியா? தோட்டக்காரருக்குக் கொடுத்த சொல்லையே மீனவருக்கும் கொடுங்கள்.

இலக்கணப்படி பார்த்தால் இரண்டும் ஒன்றுதான் என்று யாராவது சொல்லக்கூடும். சூறையோடு வளி சேர்ந்தது சூறாவளி. வளி என்றாலும் காற்றுதான், வளிமண்டலம் என்கிறோம், சித்த வைத்தியத்தில் வாதத்தை வளி என்பார்கள். அப்படியானால் சூறாவளிக்காற்று என்பதில் காற்று இரண்டு முறை வந்துவிட்டது! ஆனால் சொல்லின் வேரைப் பார்த்து யாரும் படகை அவிழ்ப்பதில்லை. புழக்கத்தில் என்ன பொருள் இருக்கிறதோ அதுதான் கரையில் செல்லும். 'புயல்' கூட ஒரு காலத்தில் மேகத்தையும் மழையையும் குறித்த சொல். 'ஏரின் உழாஅர் உழவர் புயல்என்னும் வாரி' என்று குறளில் வருகிற புயல் மழைதான். பொருள் மாறட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. ஒரே நாளில், ஒரே பேப்பரில், ஒரு சொல் நாலு பொருளில் வருவதுதான் சங்கடம். அமெரிக்காவில் ஹரிகேன் அடித்தாலும் சூறாவளி, டொர்னாடோ அடித்தாலும் சூறாவளி என்று வெளிநாட்டுப் பக்கத்தில் வருகிறது. ஹரிகேன் என்பது பல நூறு கிலோமீட்டர் அகலத்துக்குப் பரவி, நாட்கணக்கில் நகர்கிற நம்ம ஊர்ப் புயலேதான், கடல்தான் வேறு. டொர்னாடோ பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடுகிற, மேகத்திலிருந்து தரைக்கு இறங்கும் சுழல்காற்று. இது போக, தலைவர்கள் மாவட்டம் மாவட்டமாகப் போனால் அதுவும் சூறாவளிச் சுற்றுப்பயணம்.

கடற்கரையில் காற்றைப் பற்றிப் பேசுகிறவர்கள் இப்படிப் பொத்தாம்பொதுவாகப் பேசுவதில்லை. வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல். மேலைக்காற்றைக் கச்சான் என்பார்கள். யாழ்ப்பாணத்துக் கடற்கரையில் தென்காற்றுக்குச் சோளகம் என்று பெயர். (அங்கே கச்சான் என்றால் வேர்க்கடலையும்கூட.) பெயரைச் சொன்னவுடனே எந்தப் பக்கம் வலை இழுபடும், எந்தக் கரைக்குப் படகு ஒதுங்கும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஆடியில் அடிப்பது தென்மேற்குப் பருவக்காற்று. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகளைச் சுற்றவைப்பதும் இதே காற்றுதான். அங்கே யாரும் அதைச் சூறாவளி என்பதில்லை, அது வராத வருடத்தில்தான் கவலைப்படுவார்கள்.

இந்தக் காற்று சாதாரணமானது, பொருட்படுத்த வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 55 கிலோமீட்டர் காற்றில் ஃபைபர் படகு கவிழும், ஆள் போய்விடும். எச்சரிக்கை கட்டாயம் வேண்டும். எனக்கிருக்கும் பயமே வேறு. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை முடிந்து, ஜூன் நடுவில் விசைப்படகுகள் கடலுக்கு இறங்குகிற நேரத்தில்தான் இந்தக் காற்றும் வலுக்கிறது. அன்றிலிருந்து ஆவணி வரைக்கும் பாதி நாள் பேப்பரில் 'சூறாவளி' என்றே வந்தால், ஒரு கட்டத்துக்கு மேல் அந்தச் சொல் கண்ணிலேயே படாது. கார்த்திகையில் நிஜமாகவே ஒன்று உருவாகும்போது அதைச் சொல்ல உங்களிடம் எந்தச் சொல் மிச்சம் இருக்கும்? 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி குமரிக்கடலில் என்ன செய்தது என்று தூத்தூர், சின்னத்துறைக் குடும்பங்களைக் கேட்டால் தெரியும். பலர் எச்சரிக்கை வருவதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்கள், அவர்களைக் காக்க எந்தச் சொல்லாலும் முடிந்திருக்காது. ஆனால் கரையில் இருக்கும்போதே சொல் வந்து சேர்கிறவர்களும் உண்டே, அவர்களுக்காகத்தான் சொல்கிறேன்.

துறைமுகத்தில் ஏற்றுகிற எச்சரிக்கைக் கூண்டு இந்த விஷயத்தில் நல்ல முன்மாதிரி. 1 முதல் 11 வரை எண் உண்டு. 1 என்றால் தொலைவில் கடலுக்குள் தாழ்வு மண்டலம் இருக்கிறது. 3 என்றால் துறைமுகத்திலேயே பலத்த காற்று அடிக்கலாம். 8, 9, 10 என்றால் பேராபத்து. படிக்கத் தெரியாத பெரியவர்கூட எண்ணைக் கேட்டுவிட்டு முடிவெடுப்பார். நீங்களோ கூண்டு ஏற்றினார்கள் என்று போட்டோ போடுகிறீர்கள், அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று ஒரு வரி போடுவதில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இவ்வளவுதான். 45, 50 கிலோமீட்டர் காற்றுக்குத் தலைப்பில் 'சூறைக்காற்று' என்றோ 'பலத்த காற்று' என்றோ போடுங்கள், வேகத்தையும் தலைப்பிலேயே கொடுங்கள். எந்தக் கடல், எத்தனை நாள் என்பதைப் பெட்டிச் செய்தியில் பெரிய எழுத்தில் தாருங்கள். கூண்டு ஏற்றினால் எண்ணோடு அதன் பொருளையும் சேருங்கள். வானிலை மையத்தின் அறிக்கையில் உள்ள சொல்லை நீங்களாக மாற்றத் தயங்கினால், மாற்றச் சொல்லி ஒரு தலையங்கம் எழுதுங்கள், எங்கள் கரையில் அதற்குக் கையெழுத்துப் போட ஆட்கள் இருக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்னால் இதைச் செய்தால் நல்லது.

இப்படிக்கு,
வலைக்கடை வாசகர்,
நாகப்பட்டினம்.