அளவு ஜாக்கெட்டும் சிவப்புக் கம்பளமும்

வேலூர்,
தை மாதம், வெள்ளிக்கிழமை

அன்புத் தோழிக்கு,

பொங்கல் கழிந்ததும் உன் கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் நலம். அவருக்குச் சர்க்கரை ஒரு கட்டுக்குள் இருக்கிறது. அத்தைக்கு மாடிப்படி ஏற முடியவில்லை, அதனால் கட்டிலைக் கீழே போட்டுவிட்டோம். கடையில் மூச்சு விட நேரம் இல்லை. தை பிறந்ததிலிருந்து கல்யாண ஜாக்கெட்டாக வந்து குவிகிறது. ஆரி எம்பிராய்டரி வேலைக்கு இரண்டு பெண்களைச் சேர்த்திருக்கிறேன். ஒருத்தி குடியாத்தம், இன்னொருத்தி லத்தேரி. காலை ரயிலில் காட்பாடி வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வருகிறார்கள். கை சுத்தமான வேலை.

அப்புறம், நீ எழுதியிருந்த அந்த விருது விழா விஷயம். ஒரு நடிகை கம்பளத்தில் நடந்து வந்ததைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். ஊதிப்போய்விட்டாள், கை தூண் மாதிரி இருக்கிறது, அந்த வயசில் அந்த உடுப்பு தேவையா என்று. கடைசியில், "கோடி கோடியாகச் சம்பாதிக்கிறார்கள், பார்க்கத்தானே வந்து நிற்கிறார்கள், நாம் நாலு வார்த்தை பேசினால் என்ன குறைந்துவிடும்?" என்று என்னையே கேட்டிருக்கிறாய். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை.

பார்ப்பது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். மே மாதம் முதல் திங்கள்கிழமை நியூயார்க்கில் மெட் காலா என்கிற ஃபேஷன் விழா, கொஞ்ச நாளில் பிரான்சில் கான் பட விழா. இங்கே அக்னி நட்சத்திரம், மதியம் ஒரு ஆள் தெருவில் இருக்கமாட்டார்கள். மெஷினை நிறுத்திவிட்டுப் போனில் அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன். 2024-ல் மெட் காலாவுக்கு ஆலியா பட் டிசைனர் சப்யசாசியின் சேலையில் போனாரே, வெளிர் பச்சையில், பின்னால் தரையெல்லாம் இழுபடும்படி? 163 பேர் சேர்ந்து 1965 மணி நேரம் செய்த வேலை என்று அவரே சொன்னார். நான் வகுத்துப் பார்த்தேன், ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேரம். எங்கள் கடையில் ஒரு முகூர்த்த ஜாக்கெட்டுக்குக் கையும் முதுகும் நிறைய ஆரி போட்டால் அதைவிடக் கூட ஆகும். அதற்கு முந்தின வருஷம் அந்த விழாவில் விரித்த கம்பளமே ஆலப்புழா பக்கம் சேர்த்தலையில் நெய்துபோனது. இதையெல்லாம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். முந்தானை விழும் விதம் சரியில்லை, கல் அதிகம், நிறம் ஒட்டவில்லை, தோளில் சுருக்கம் விழுகிறது என்று சொல். வெட்டியவருக்கும் தைத்தவருக்கும் அது போய்ச் சேரவேண்டிய பேச்சுதான். நான் தைத்ததையும் அப்படித்தான் பார்க்கச் சொல்வேன்.

ஆனால் நீ எழுதிய பக்கத்தில் உடுப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எல்லாம் உடம்பு.

லாங்கு பஜாரில் நான் தொழில் கற்ற இடம் உனக்குத் தெரியும். அங்கே மாஸ்டர் முதல் வாரமே சொல்லிவிட்டார்: "ஜாக்கெட் இறுக்கிப் பிடிக்குதுன்னு வந்தா ஜாக்கெட்டைப் பிரி. நீங்க குண்டாயிட்டீங்கன்னு உன் வாயில வரக்கூடாது." துணி சேரவில்லை என்றால் அது துணியின் குறை, இல்லை வெட்டின கையின் குறை. எங்கள் தொழிலுக்கு அடிப்படையே இதுதான். அந்தக் கம்பளத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு. அங்கே போகிற உடுப்பு பல நேரம் அந்த நடிகைக்கு அளவெடுத்துத் தைத்தது இல்லை. மெலிந்த மாடல் பெண்களுக்காக ஒரே அளவில் தைத்து வைத்திருப்பதைக் கம்பெனிகள் இரவல் கொடுக்கும். விழா முடிந்தால் திரும்பப் போய்விடும். அதற்குள் நுழைய உடம்பைத்தான் குறைத்துக்கொள்ளவேண்டும். 2016-ல் லெஸ்லி ஜோன்ஸ் என்ற அமெரிக்க நகைச்சுவை நடிகை, தன் படத்தின் முதல் காட்சிக்கு உடுப்புக் கொடுக்க ஒரு டிசைனரும் முன்வரவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். உயரமும் பருமனும் உள்ள பெண். கிறிஸ்டியன் சிரியானோ என்பவர் நான் தைத்துத் தருகிறேன் என்று வந்தார். அந்தச் சிவப்பு கவுனை நீ பார்க்கவேண்டும், என்ன பொருத்தம்! அதே வருஷம் கோல்டன் குளோப் விருது விழாவுக்கு பிரைஸ் டல்லாஸ் ஹோவர்ட் என்ற ஹாலிவுட் நடிகை கடையில் காசு கொடுத்து வாங்கிய உடுப்பில் வந்தார். தன் அளவுக்கு இரவலில் தேர்ந்தெடுக்க அதிகம் கிடைப்பதில்லை என்று காரணத்தையும் சொன்னார். அவ்வளவு பெரிய இடத்தில் இருப்பவருக்கே இந்த நிலைமை.

ஐஸ்வர்யா ராய் 2002-ல் கான் விழாவுக்கு மஞ்சள் சேலையும் தங்க நகையுமாகப் போனபோது தேவதை என்றார்கள். 2011 நவம்பரில் அவருக்குக் குழந்தை பிறந்தது. அடுத்த மே மாதம் மறுபடியும் கான் போனார். ஆறு மாதக் குழந்தைக்காரி. உடம்பு ஏன் இன்னும் குறையவில்லை என்று பத்திரிகையும் இணையமும் அவரைப் பாடாய்ப் படுத்தின. நம் ஊரில் பிள்ளை பெற்று ஆறு மாதம் ஆனவள் ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தால் என்ன செய்வோம்? பக்கத் தையலைப் பிரித்து விடுவோம். அதற்காகத்தான் உள்ளே துணி விட்டே தைப்பது. அவ்வளவுதான் விஷயம். அதில் பேச என்ன இருக்கிறது?

நீ ஊரை விட்டுப் போன பிறகு நான் கடையைக் காந்தி ரோட்டுப் பக்கம் மாற்றினேன் இல்லையா, அதனால் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் நிறையப் பேர் நம் கடைக்கு வருகிறார்கள். கல்கத்தா, அசாம், வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ வந்து லாட்ஜில் மாதக்கணக்கில் தங்குகிறவர்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த குர்த்தாவும் சல்வாரும் இரண்டு மாதத்தில் தோளிலிருந்து வழியும். பிடித்துக் கொடுங்கள் என்று வருவார்கள். சிலருக்குத் திரும்பத் திரும்பப் பிடிக்கவேண்டியிருக்கும். சிலருக்கு மாத்திரையால் முகம் வீங்கி, உடம்பு பெருத்து, எல்லாவற்றையும் பிரித்து விடவேண்டியிருக்கும். போன வருஷம் ஒரு பெண் வந்தாள், முப்பது வயசுகூட இருக்காது. வாசலில் நின்ற பக்கத்துக் கடைக்காரம்மா, அன்பாகத்தான், "இன்னாம்மா இப்டி எளச்சிட்டே, டயட்டா?" என்று கேட்டுவிட்டார். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கை ஜாடையே போதுமானதாக இருந்தது. துணியை வாங்கிக்கொண்டு பேசாமல் போனாள். நான் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றேன், அன்றைக்கு முழுக்க வேலை ஓடவில்லை.

ஹாலிவுட் நடிகர் சாட்விக் போஸ்மேன் விஷயம் உனக்கு ஞாபகம் இருக்கும். 2020 ஏப்ரலில் ஒரு வீடியோவில் அவர் மெலிந்து தெரிந்தார். கண்டபடி கேலி பேசினார்கள். ஆகஸ்டில் இறந்துபோனார். 2016-லிருந்தே குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டேதான் நடித்திருக்கிறார் என்பது அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. கேலி பேசியவர்களுக்கு அவர் அதைச் சொல்லியிருக்கவேண்டுமா? எதற்காகச் சொல்லவேண்டும்? நம் சமந்தா சொல்லிவிட்டார், மயோசிடிஸ் என்ற தசை நோய் என்று, 2022 அக்டோபரில். அப்படியும் அடுத்த சில மாதத்திலேயே ஒரு விழாப் படத்தைப் போட்டு, முகத்தில் களை போய்விட்டது என்று எழுதினார்கள். என்னைப் போல மாதக்கணக்கில் மருந்தும் சிகிச்சையுமாக இருக்கிற நிலைமை உங்களுக்கு வராமல் இருக்கட்டும் என்று அவர் பதில் எழுதினார். எனக்கு அந்த நிதானம் வந்திருக்காது.

ஆண்களை இந்த அளவுக்குப் பிடுங்குவதில்லை. அஜித் நரைத்த தலையோடு நடித்தால் சால்ட் அண்ட் பெப்பர் என்று கொண்டாடுகிறோம். நாற்பது தாண்டிய ஒரு நடிகை நாலு நரையோடு விழாவுக்கு வரட்டும், என்ன பேசுவோம் என்று உனக்கே தெரியும். 2014-ல் ஒரு விருது விழாவில் ஹாலிவுட் நடிகை கேட் பிளான்செட்டைக் கேமரா காலிலிருந்து தலைவரை மெதுவாக அளந்துகொண்டே போனது. அவர் குனிந்து கேமராவைப் பார்த்து, ஆண்களையும் இப்படித்தான் எடுக்கிறீர்களா என்று கேட்டார். வீடியோ இருக்கிறது, பார்.

செருப்பு விஷயம் என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். ஆம்பூரில் அத்தனை வருஷம் ஷூவின் மேல்பாகம், அந்த அப்பர், தைத்தவள் நீ. ஹீல் உயர உயர உடம்புப் பாரம் எல்லாம் முன்பாதத்துக்கு இறங்கும் என்று எனக்குச் சொன்னவளே நீதான். 2015-ல் கான் விழாவில் ஹீல் இல்லாத செருப்பு போட்டு வந்த பெண்களை உள்ளே விடவில்லை என்று பெரிய சண்டை ஆனது. அடுத்த வருஷம் ஹாலிவுட் நடிகை ஜூலியா ராபர்ட்ஸ் அதே படிக்கட்டில் வெறுங்காலோடு ஏறினார். அதைப் பார்த்தபோது எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது.

இங்கே சென்னையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2025 நவம்பரில் நடிகை கௌரி கிஷன் நடித்த படத்தின் பத்திரிகையாளர் சந்திப்பு. படத்தில் அவரைத் தூக்கினீர்களே, எடை எவ்வளவு என்று ஹீரோவிடம் ஏற்கெனவே ஒருவர் கேட்டிருந்தார். அந்தக் கேள்வி என்ன கேள்வி, என் எடைக்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அந்தப் பெண் கேட்டார். எதிரில் அத்தனை ஆண்கள் குரலை உயர்த்தினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அப்போது வாயைத் திறக்கவில்லை. பிறகுதான் நடிகர் சங்கம் கண்டித்தது, ஹீரோவும் வருத்தம் சொன்னார். அந்தப் பெண் குரல் நடுங்க நடுங்க, ஆனால் விடாமல் பேசினார். நான் அந்த வீடியோவை நம் கடைப் பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். லத்தேரிப் பெண் கண் கலங்கிவிட்டாள்.

கோடி வாங்குகிறார்கள் என்கிறாய். சரி, வாங்குகிறார்கள். நடிப்புக்கும், விளம்பரத்துக்கும், அந்த உடுப்பை நாலு பேர் பார்க்கும்படி போட்டு நடப்பதற்கும் வாங்குகிறார்கள். அந்த மூன்றையும் நீ எப்படி வேண்டுமானாலும் எடை போடு, நடிப்பு சரியில்லை என்றால் கிழித்து எழுது. அதோடு கையின் சதையையும் கன்னத்துச் சுருக்கத்தையும் சேர்த்து நாம் வாங்கிவிட்டதாக எந்த டிக்கெட்டிலும் எழுதியில்லை. அந்த நடிகை நீ பேசுவதைக் கேட்கவும் போவதில்லை, அவருக்கு அதனால் எதுவும் குறையாது. இதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

கேட்பது யார் தெரியுமா? உன் சின்னவள். கோபித்துக்கொள்ளாதே. உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், ரிசப்ஷன் ஜாக்கெட்டுக்குக் கை முழங்கை வரை வேண்டும் என்று அடம் பிடிக்கிறாள், ராத்திரி சாப்பாட்டை நிறுத்திவிட்டாள், போட்டோவுக்கு நிற்கமாட்டேன் என்கிறாள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாமே பிடிவாதம் என்று எழுதியிருக்கிறாய். முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். உன் நாத்தனார்களும் நீயும் டிவி முன்னால் உட்கார்ந்து அந்த நடிகையின் கையைப் பற்றிப் பேசும்போது அவள் அதே கூடத்தில்தான் இருந்திருப்பாள். அவள் கையும் அந்தக் கை போலத்தான் இருக்கிறது. உன் கையும் அப்படித்தான், உன் அம்மா கையும் அப்படித்தான், ஆம்பூர் பிரியாணிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ரிசப்ஷன் மேடையும் ஒரு கம்பளம்தானே, ஐந்நூறு பேர் வரிசையில் வந்து பார்ப்பார்கள். அவள் பயப்படுவதை நான் பிடிவாதம் என்று சொல்லமாட்டேன்.

அதனால் ஒரு காரியம் செய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு வா. கடை லீவு, கூட்டம் இருக்காது. அளவு ஜாக்கெட் கொண்டுவரவேண்டாம், நானே புதிதாக அளவெடுக்கிறேன். அளவெடுக்கும்போது நீ உள்ளே வராதே, அத்தையோடு பேசிக்கொண்டிரு. கை எவ்வளவு நீளம் வேண்டும் என்று அவளையே கேட்பேன். முழங்கை என்றால் முழங்கை. குட்டை என்றால் குட்டை, அதற்கும் எடுப்பாக வெட்டத் தெரியும் எனக்கு. ராத்திரி பட்டினியை மட்டும் நிறுத்தச் சொல், ஜாக்கெட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆரணிப் பட்டுதான் எடுக்கப் போகிறீர்கள் என்றால் ஜாக்கெட் துணியை நீங்களே வெட்டிவிடாதீர்கள், சேலையோடு அப்படியே கொண்டு வாருங்கள். ஆரிக்குக் குறைந்தது பத்து நாள் கொடுக்கவேண்டும், நாள் நெருங்கி வந்தால் என்னால் முடியாது.

அண்ணனைக் கேட்டதாகச் சொல். மதியச் சாப்பாடு இங்கேதான். முள்ளுக் கத்திரிக்காய் வாங்கி வைக்கிறேன், எண்ணெய்க் கத்திரிக்காய் செய்யச் சொல்லி அவளே போனில் கேட்டாள். எந்த ரயில் என்று முன்கூட்டியே சொன்னால் காட்பாடி ஸ்டேஷனுக்கு அவரை அனுப்புகிறேன்.

உன் அன்புத் தோழி