குறிப்பேட்டை இளையோரிடம் கொடுங்கள்

ஆசிரியருக்கு,

பிரிட்டனில், மௌனமாக அமர்ந்து வழிபடும் கிறிஸ்தவ மரபுக் குழுவான குவேக்கர்களின் கூடுகைகளில் இளையோர் குறைவதைப் பற்றிய தங்கள் ஞாயிறு கட்டுரை, முகாம்களையும் விளையாட்டுகளையும் கூட்டச் சொல்கிறது. மருந்து அதுவல்ல. ஒரு மணி நேர மௌன வழிபாட்டில் சிறுவர்கள் பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிடம்தான் உடன் அமர்கிறார்கள்; மீதி நேரம் பக்கத்து அறையில். பதின்வயது வந்ததும் அந்த அறையின் வண்ணப் பென்சிலும் பிஸ்கட்டும் சலித்துவிடும். பெரியவர்களின் வட்டத்திலோ அவர்களுக்கு வேலையில்லை. வேலை இருப்பது கூடுகையின் காரியங்களை முடிவுசெய்யும் அலுவல் கூட்டத்தில். அங்கே வாக்கெடுப்பு கிடையாது. கூட்டத்தை நடத்தும் எழுத்தர் தீர்மானத்தை அங்கேயே எழுதி வாசிப்பார், ஒரு சொல் உறுத்தினாலும் திருத்தி மறுபடி வாசிப்பார். அந்த வரைவை எழுதக் கொடுத்த பதினாறு வயதுக்காரர்கள் அடுத்த கூட்டத்துக்கும் தவறாமல் வருவதைக் கண்டிருக்கிறேன். துணை எழுத்தராக ஓர் இளையவரை ஓராண்டுக்கு அமர்த்தலாம். அலுவல் கூட்டத்தை வார நாள் மாலையில் வைக்காமல், ஞாயிறு வழிபாடு முடிந்து, கையோடு சாப்பிட்டுவிட்டு நடத்தினால் பள்ளி மாணவரும் இருப்பார்கள்.

– ஒரு வாசகர், பர்மிங்ஹாம்