பிரேக் யாருக்கு, ரேக் யார் கையில்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வேலூர், காட்பாடி பக்கம் நடக்கும் சிறு பூல் (பாக்கெட் உள்ள மேசையில் குச்சியால் பந்தடிக்கும் ஆட்டம்) போட்டிகளில் தகராறு கிளம்புவது பெரும்பாலும் பிரேக்கில், அதாவது அடுக்கிய பந்துகளைக் கலைக்கும் முதல் அடியில்தான். "குருட்டாம்போக்கில் விழுந்தது" என்பார் ஒருவர்; "ரேக்கே (பந்துகளை அடுக்கியதே) சரியில்லை" என்பார் மற்றவர். இரண்டாமவர் பக்கம்தான் நியாயம் அதிகம்.

முன்னால் உள்ள மூன்று பந்துகளுக்கு நடுவே காகிதம் நுழையும் இடைவெளி இருந்தாலே அடியின் வேகம் பின்வரிசைக்குச் சரியாகப் போய்ச் சேராது. பந்துகள் கும்பலாக நின்றுவிடும். ரேக் வைத்தவரை உடனே திட்ட வேண்டாம். பந்தைத் தட்டித் தட்டி உட்கார வைத்ததில், முன்பந்து வைக்கும் புள்ளியான ஃபுட் ஸ்பாட்டில் துணி குழிந்திருக்கும். முன்பந்து அதில் சரிந்து விலகும். சாக் தூளும் கை வியர்வையும் படிந்த பந்துகளும் அப்படித்தான், ஒட்டி நிற்காது.

மெல்லிய பிளாஸ்டிக் ரேக் தாள் போட்டால் இது தீரும். ஆனால் 1 முதல் 9 வரை எண்ணிட்ட பந்துகளால் ஆடும் நைன்பாலில் புதுத் தலைவலி வரும்: பந்துகள் இறுகி நின்றால், பக்கவாட்டிலிருந்து நிதானமாக அடித்தாலே ஓரப் பந்து மூலைப் பாக்கெட்டுக்குப் போய்விடும். 1-க்குப் பதில் 9-ஐ ஸ்பாட்டில் வைத்தால் ரேக் முன்னே நகர்ந்து அந்தப் பாதை மாறும். மூன்று பந்துகளாவது பாக்கெட்டில் விழவோ ஹெட் ஸ்ட்ரிங்கை (பிரேக் அடிப்பவர் பக்கத்துக் கோட்டை) தாண்டவோ வேண்டும் என்ற விதியையும் சேர்த்தால் மென்மையான பிரேக் எடுபடாது.

8-ஆம் எண் பந்தைக் கடைசியில் போட்டு ஜெயிக்கும் எயிட்பாலில், அந்த 8 பிரேக்கிலேயே விழுந்தால் வெற்றி என்பது நம்மூர் வழக்கம். உலக விதி அப்படியல்ல. 8-ஐ ஸ்பாட்டில் வைத்து ஆட்டத்தைத் தொடரலாம், இல்லாவிட்டால் மறுபடி பிரேக் செய்யலாம். எதுவும் விழாவிட்டால் நான்கு பந்துகளாவது மேசை ஓரக் குஷனைத் தொட வேண்டும்.

முழு பலத்தையும் போட்டு அடிப்பதுதான் பிரேக் என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். முன்பந்தில் நேராகப் படாவிட்டால் அந்தப் பலமே வெள்ளைப் பந்தைப் பாக்கெட்டுக்கோ தரைக்கோ அனுப்பும். நன்றாக அடித்த பிரேக்கில் வெள்ளை நடுமேசையில் நிற்கும். ஸ்னூக்கரிலிருந்து வருபவர்களுக்கு இதற்கு நேர்மாறான குறை: அங்கே முதல் அடி, வெள்ளை ஒரு சிவப்புப் பந்தை உரசிவிட்டுத் திரும்பி எதிராளிக்கு வசதிப்படாத இடத்தில் ஒளிவதற்கு. (அந்த ஆட்டத்துக்கு விதிகள் உருவானது நம் ஊட்டியில்தான்!)

ஜெயித்தவரே தொடர்ந்து பிரேக் செய்யும் முறையில், ஐந்து ஃபிரேம் போட்டியில் எதிராளி நாற்காலியை விட்டு எழாமலே தோற்க முடியும். சிறு போட்டிகளுக்கு மாறி மாறி பிரேக்தான் பொருத்தம். முதல் பிரேக்கை டாஸுக்கு விடாமல், எதிர்க் குஷனில் பட்டுத் திரும்பும் பந்து யாருடையது அடித்த பக்கத்துத் தலைக் குஷனுக்கு அருகில் நிற்கிறது என்று பார்த்து முடிவு செய்யலாம். ரேக்கை நடுவர் வைக்கட்டும். இவற்றை அமைப்பாளர்கள் நுழைவுக் கட்டணம் வாங்கும் முன்பே எழுதி ஒட்ட வேண்டும்.

இப்படிக்கு,
பூல் ஆட்ட ஆர்வலர்கள்,
சத்துவாச்சாரி, வேலூர்.