இன்ஸ்பெக்டர் சம்பளம் தண்டமா? சிறுதொழில் சங்கத்தாருக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்துச் சிறுதொழில் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கமுங்க.

உங்களில் பலருடைய பட்டறைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். ஜிஎஸ்டி, பிஎஃப், இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) ரிட்டர்ன் என்று மாதம் முழுக்க உங்கள் எண்களோடுதான் என் குடித்தனம். அந்த உரிமையில் எழுதுகிறேன். சங்கக் கூட்டங்களில் ஒரு பேச்சு வலுத்து வருகிறது. தொழிலகப் பாதுகாப்புக்கு ஒருவர், பாய்லருக்கு ஒருவர், தீயணைப்புக்கு ஒருவர் என்று இத்தனை அதிகாரிகள் எதற்கு, எல்லாம் நம் வரிப்பணத்தில் தண்டச் சம்பளம், நாமே எழுதிக் கொடுக்கும் சான்று போதாதா என்கிறீர்கள். "அட ஏனுங்க, நாலு கையெழுத்துக்கு நாலு ஆபீசருங்களா?" என்று ஒருவர் கேட்டபோது மண்டபமே சிரித்தது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் செலவைப் பற்றிய கேள்வி என்றால் பேரேட்டின் இரண்டு பக்கத்தையும் எழுத வேண்டும் அல்லவா?

முதலில் பற்று. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் உதவி இயக்குநராக, அதாவது நாம் இன்ஸ்பெக்டர் என்று சொல்பவராகச் சேர்பவருக்கு அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில் தொடங்குகிறது. படிகள், ஜீப், டிரைவர், ஆபீஸ் வாடகை, பென்ஷன் பங்கு எல்லாவற்றையும் தாராளமாகச் சேர்த்து வருடத்துக்கு 25 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இது என் உத்தேசம், கூடக்குறைய இருக்கலாம்.

இனி எதிர்ப்பக்கம். சாக்கடையிலோ மலக்குழியிலோ இறங்கியவர் இறந்தால் அவர் குடும்பத்துக்கு 30 லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுவரை 10 லட்சம். உயிருக்கு விலை கிடையாது, சரி. ஆனாலும் அந்த 30 லட்சத்தையே அளவாக வைத்துப் பார்த்தால், வருடத்துக்கு ஒரே ஒரு சாவைத் தடுத்துவிட்டாலே அந்த அதிகாரியின் செலவு கழிந்துபோகிறது.

2014 மார்ச்சில் பெருந்துறை சிப்காட் தொழிற்பேட்டையில், துணி பதனிடும் ஆலை ஒன்றின் கழிவுநீர்த் தொட்டியில் விஷவாயு தாக்கி 7 பேர் மாண்டார்கள். இந்த மாதிரித் தொட்டி விபத்து எங்கே நடந்தாலும் கதை ஒரே மாதிரிதான் இருக்கும். உள்ளே போனவர் பேச்சுமூச்சில்லாமல் விழுவார், தூக்கப் போனவரும் விழுவார், மூன்றாவது ஆள் யோசிக்காமல் குதிப்பார். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். உள்ளே வாயு இல்லை என்று தகுதியுள்ளவர் சோதித்து எழுதித் தர வேண்டும், இல்லையென்றால் மூச்சுக் கருவி மாட்டி, இடுப்பில் பெல்ட் கட்டி, அதன் கயிற்றை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். கேஸ் மீட்டர், புளோயர், பெல்ட், கயிறு எல்லாம் சேர்த்தாலும் ஒரு தையல் லைன் போடும் செலவு ஆகாது. யானை வாங்கியவர் அங்குசத்துக்குப் பேரம் பேசுகிற கதைதான்.

அப்புறம் ஏன் இது நம் கண்ணில் படுவதில்லை? என் தொழிலில் இருப்பவனுக்கு விடை எளிது. விபத்தின் செலவு உங்கள் கணக்குப் புத்தகத்தில் ஏறுவதே இல்லை.

தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். கோவையில் கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் சந்துக்குச் சந்து ஓடுகிற மிஷின். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலே இருக்கும் டை என்கிற அச்சு இறங்க வேண்டும், கை உள்ளே இருக்கவே முடியாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. பீஸ் ரேட் வேலையில் அது மெதுவாகத் தெரியும். ஒரு பட்டனில் தீக்குச்சியைச் செருகி மேலே இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டால், ஒரு கை தகடு வைக்க, மறு கை அழுத்த, உற்பத்தி ஏறும். மிஷின் பெல்ட்டை மூடும் காப்பு கழற்றப்பட்டுச் சுவரோரம் சாய்ந்திருக்கும், அதன்மேல் யாருடைய சட்டையோ தொங்கும். நானே பல பட்டறைகளில் பார்த்ததுதான்.

ஒருநாள் ஆள்காட்டி விரல் போகிறது. தொழிலாளர் இழப்பீட்டு அட்டவணைப்படி முழு ஆள்காட்டி விரல் போனால் 14 சதவீத இழப்பு, கட்டை விரலுக்கு 30. மாதம் 18,000 வாங்குகிற பையனுக்கு இஎஸ்ஐ மூலம் ஆயுளுக்கும் மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம் வரும். அதைக் கொடுப்பது நீங்கள் இல்லை. உங்கள் பங்கு சம்பளத்தில் 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75. பத்து வருடம் ஒரு கீறல்கூட விழாத பட்டறைக்கும் அதே 3.25தான், வருடா வருடம் விரல் போகிற பட்டறைக்கும் அதே 3.25தான். லாரிக்கு இன்சூரன்ஸ் கட்டும்போது கிளெய்ம் இல்லாத வருடத்துக்குத் தள்ளுபடி உண்டு, இங்கே அது கிடையாது. ஆக, கவனமாக இருப்பவர் கவனமில்லாதவருடைய பில்லையும் சேர்த்துக் கட்டுகிறார். அந்தப் பட்டனில் சொருகிய குச்சியைப் பிடுங்கி எறியச் சொல்லும் அதிகாரம் உள்ள ஒரே வெளியாள் அந்த இன்ஸ்பெக்டர்தான்.

துணி வாங்கும் வெளிநாட்டுப் பையரே ஆடிட்டர் அனுப்புகிறாரே, அது போதாதா என்பது திருப்பூர்க்காரர்களின் வாதம். அதற்கு முனகாமல் பணம் கட்டுகிறீர்கள் என்பதையும் நான்தான் எழுதி வைக்கிறேன். கராச்சியில் ஒரு கார்மெண்ட் ஆலைக்கு 2012 ஆகஸ்டில், வேலையிடம் ஒழுங்காக இருக்கிறது என்று சொல்லும் எஸ்ஏ 8000 சான்றிதழ் கிடைத்தது. செப்டம்பர் 11ஆம் தேதி அதே ஆலை எரிந்து 250 பேருக்கு மேல் செத்தார்கள். ஜன்னலுக்கெல்லாம் கம்பி, வழிகள் அடைப்பு. பையருடைய ஆடிட்டர் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் வருவார், மெயின் யூனிட்டைப் பார்த்துவிட்டுப் போவார். ஜாப் ஒர்க் போகும் பின்சந்து ஷெட்டுக்குள் அவர் கால் வைப்பதில்லை. நம் தொழிலில் பாதி நடப்பது அந்த ஷெட்டுகளில்.

நொய்யல் ஆற்றை மறந்துவிட்டீர்களா? அது மாசுக் கட்டுப்பாடு, வேறு துறை, ஆனால் கணக்கு இதேதான். பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. தண்ணீருக்காகப் போராட வேண்டிய ஆயக்கட்டு விவசாயிகள், வந்த தண்ணீரின் லட்சணத்துக்காகக் கோர்ட் படியேறினார்கள். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள் ஒரே அடியில் நின்றன. துணியை லாரியில் ஏற்றி வெளியூருக்கு அனுப்பிச் சாயம் போட்டு வாங்கினீர்கள். சுத்திகரிப்பு நிலையங்களைச் சரிசெய்ய அரசு சுமார் 200 கோடி வட்டியில்லாக் கடன் கொடுத்தது. பத்து, இருபது வருடம் முன்பே ஒழுங்காகக் குழாயை முகர்ந்து பார்த்து மூடவைக்கும் ஆட்கள் இருந்திருந்தால் என்ன செலவாகியிருக்கும்? அந்த 200 கோடியின் வட்டியிலேயே ஒரு படையை வைத்திருக்கலாம்.

பாய்லர் பற்றி ஒரு வரி. 1863இல் கல்கத்தாவில் பாய்லர் வெடித்து உயிர்கள் போன பிறகுதான் வங்காளத்தில் ஆய்வுச் சட்டமே வந்தது. அந்த ஆய்வுக்குக் கட்டணம் நீங்களே கட்டுகிறீர்கள், அதனால் வரிப்பணம் என்ற பேச்சு அங்கே பாதி செல்லாது. சான்றிதழ் இல்லாத பாய்லர் பக்கத்தில் நின்று நிம்மதியாக டீ குடிக்க உங்களில் யார் தயார்?

இப்போது உங்கள் பக்க நியாயத்துக்கு வருகிறேன், அது கணிசமானது. மிஷின் பக்கமே போகாமல் ஆபீஸ் அறையிலேயே உட்கார்ந்து, மஸ்டர் ரோல் என்கிற வருகைப் பதிவேட்டையும் சுண்ணாம்பு அடித்த தேதி எழுதிய நோட்டையும் புரட்டிவிட்டுப் போகிறவர் உண்டு. அவருக்குக் கொடுத்ததை 'இதர செலவு' என்ற தலைப்பில் எழுதச் சொல்லி என்னிடம்தான் வருவீர்கள். தீபாவளி மாதத்தில் அந்த 'இதர' கொஞ்சம் பெருக்கும். அப்படிப்பட்டவருடைய சம்பளம் தண்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே நஷ்டம் சம்பளம் மட்டுமா? பட்டனில் குச்சி அப்படியே இருக்கிறதே. மாமூலுக்கு மருந்து வேலையையே ஒழிப்பது என்றால், தாலுகா ஆபீசை எப்போதோ பூட்டியிருக்க வேண்டும்.

ஒழுங்காகப் பார்த்தால் பலன் உண்டா? அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் பாதுகாப்பு ஆய்வுக்குக் குலுக்கல் முறையில் நிறுவனங்களைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இருந்தது. குலுக்கலில் விழுந்தவர்களையும் விழாதவர்களையும் ஒப்பிட்டு 2012இல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வந்தது. இன்ஸ்பெக்டர் போன இடங்களில் காயங்கள் 9.4 சதவீதம் குறைந்தன, காயத்துக்கான செலவு 26 சதவீதம் குறைந்தது. வேலைவாய்ப்போ விற்பனையோ குறைந்ததாகத் தெரியவில்லை. அவர்கள் ஊர் வேறு, நம் ஊர் வேறு. ஆனால் இன்ஸ்பெக்டர் வந்தால் தொழில் படுத்துவிடும் என்ற பயத்துக்கு அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை.

இதையெல்லாம் இப்போது சொல்லக் காரணம் உண்டு. மின்விசையில் ஓடும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றது பழைய சட்டம். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதை 20 ஆக்கிவிட்டது. நம் பட்டறைகளில் பெரும்பாலானவை அந்த இடைவெளியில் விழுபவை. ஆய்வும் கம்ப்யூட்டர் தேர்ந்தெடுப்பதாக மாறுகிறது, இன்ஸ்பெக்டர் இனி வழிகாட்டியும் ஆவாராம். வழிகாட்டட்டும், நல்லதுதான். அதற்கு ஆள் வேண்டுமே?

ஆகவே அடுத்த பொதுக்குழுவில் "துறையைச் சுருக்கு" என்ற தீர்மானத்துக்குப் பதிலாக இவற்றைக் கொண்டுவாருங்கள். விரைவாகத் தொழில்மயமாகும் நாடுகளில் 15,000 தொழிலாளிக்கு ஓர் ஆய்வாளர் என்று ஐஎல்ஓ என்கிற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஓர் அளவு சொல்கிறது, நம் மாவட்டங்களில் அது எவ்வளவு என்று அரசிடம் எழுத்தில் கேளுங்கள். ஆய்வுக்கு வந்தவர் எந்த மிஷினைப் பார்த்தார், என்ன சொன்னார் என்பதைப் படத்தோடு இணையத்தில் ஏற்றச் சொல்லுங்கள். அப்படி ஏற்றினால் என் 'இதர செலவு' தலைப்பு தானாக மெலியும். இஎஸ்ஐ பங்கை விபத்துக் கணக்கோடு இணைத்து, விபத்தில்லாத பட்டறைக்குச் சலுகை கேளுங்கள். இந்தக் கடைசிக் கோரிக்கைக்கு வேண்டிய கணக்கை நானே உட்கார்ந்து போட்டுத் தருகிறேன், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் பட்டறைக் கணக்குப்பிள்ளை,
கோவை